நிகழ்ச்சி யாருக்காக? நிறுவனங்களின் விளம்பரத் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளம்பரத் துறைத் தலைவர்களுக்கும், மக்கள் தொடர்பு அலுவலர்களுக்கும், நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளாக உங்களோடு உழைத்தவர்களில் நானும் ஒருவன். அறிமுக விழாக்கள், வணிகக் கண்காட்சிகள், ஆண்டு நிறைவுக் கூட்டங்கள், நலத்திட்ட முகாம்கள் என்று நீங்கள் நடத்திய நிகழ்ச்சிகளில் படம் எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களுக்குக் கீழே போட வேண்டிய வரிகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த நேரத்தில் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். ஆகவே, இந்த மடலில் நான் குறை என்று எதைச் சொன்னாலும் அதில் என் பங்கும் இருக்கிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் வைக்க விரும்பும் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: நிகழ்ச்சியை அதற்கு வருபவர்களுக்காக நடத்துங்கள், நடந்ததை நடந்தபடி சமூக ஊடகத்தில் சொல்லுங்கள். கேட்பதற்கு இது மிக எளிய வேண்டுகோளாகத் தோன்றும். ஆனால் இன்று பெரும்பாலான நிறுவனங்களில் பதிவு எப்படி அமைய வேண்டும் என்பது முதலில் முடிவாகிறது. அந்தப் பதிவுக்குத் தேவையான அளவுக்குத்தான் நிகழ்ச்சி நடக்கிறது.

விளம்பரம் செய்வது தவறென்று நான் கருதவில்லை. ஒரு பொருளைச் செய்தவர் அதைப் பற்றி எடுத்துச் சொல்லாவிட்டால் அது தேவைப்படுபவருக்குப் போய்ச் சேராது. தொலைக்காட்சியில் நேரம் வாங்க வசதியில்லாத சிறு நிறுவனம்கூடத் தன் பட்டறையில் நடக்கும் வேலையைக் கைப்பேசியில் படமெடுத்துப் போட்டு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள முடிகிறது என்றால், அது சமூக ஊடகம் தந்த பெரிய வாய்ப்பு. அதேபோல, கண்காட்சியில் ஸ்டால் போட்டு, பொருளை வடிவமைத்த பொறியாளரையே அங்கே நிறுத்தி, வருபவர் கேட்கும் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் சொல்ல வைப்பதைவிட மேலான விளம்பரத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. பதில் தெரியாத கேள்வி வந்தால் குறித்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பொறியாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் படம் எந்தப் பதிவிலும் வந்ததில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தைய திட்டக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பின்திரை எத்தனை அடி, நிறுவனத்தின் பெயர் எந்த உயரத்தில் இருந்தால் எல்லாப் படத்திலும் விழும், எந்த ஹேஷ்டேக், ட்ரோன் எப்போது பறக்கும், எந்த இன்ஃப்ளூயன்சர் எந்த வரிசையில் உட்காருவார் என்பவற்றுக்கே பாதி நேரம் போய்விடுகிறது. பேச்சாளரிடம், முப்பது விநாடியில் வெட்டி எடுக்கத் தக்க வாக்கியங்களாகப் பேசும்படி கேட்டுக்கொள்கிறோம். நேரம் போதவில்லை என்றால் முதலில் நீக்கப்படுவது எது? கேள்வி நேரம். வேலையை விட்டு, தொலைவிலிருந்து பயணம் செய்து வந்த ஒருவருக்கு அந்த நாளில் உண்மையாகப் பயன்படக்கூடிய பகுதி அதுதான். கேள்வி கேட்பவரின் தயக்கமும் பதில் சொல்பவரின் தடுமாற்றமும் படத்தில் அழகாக வராது என்பதால் அதை விட்டுவிடுகிறோம்.

என் மனத்தை விட்டு நீங்காத ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நிறுவனம் தன் ஆண்டு நிறைவையொட்டி இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தியது. அதிகாலையிலேயே வந்துவிட்ட முதியவர்கள், சிறப்பு விருந்தினர் வந்து தொடங்கி வைக்கும்வரை, வெயிலில் வரிசையில் காத்திருந்தார்கள். கண்ணாடி வழங்கும் காட்சி கட்டாயம் வேண்டும் என்று என்னிடம் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பார்வை அளவு அப்போதுதான் எடுக்கப்பட்டது; அந்த அளவுக்கேற்ற கண்ணாடி தயாராகி வருவதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, மாதிரிக்காக வைத்திருந்த வெறும் பிரேம் ஒன்றை ஒரு மூதாட்டியின் முகத்தில் விருந்தினர் மாட்டிவிடுவதுபோலப் படமெடுத்தோம். முதல் முறை விருந்தினரின் முகம் சரியாகத் தெரியவில்லை; இரண்டாம் முறை பின்திரையிலிருந்த நிறுவனத்தின் பெயரை யாரோ மறைத்து நின்றுவிட்டார்கள்; மூன்றாம் முறை எல்லாம் சரியாக அமைந்தது. “இப்போது நன்றாகத் தெரிகிறதா, அம்மா?” என்று மேலாளர் கேட்டார். கண்ணாடியே பொருத்தப்படாத அந்தப் பிரேமுக்குள்ளிருந்து எங்கள் எல்லோரையும் பார்த்து, தெரிகிறது என்று அந்த அம்மாள் தலையசைத்தார். தன்னிடம் அதுதான் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

அன்று மாலை வெளியான பதிவின் வரிகளை எழுதியவன் நான். இத்தனை பேர் இன்று பார்வை பெற்றார்கள் என்று எழுதினேன். பதிவு பெரும் வரவேற்பைப் பெற்றது; நிறுவனத்தின் தலைவர் அதைத் தன் பக்கத்திலும் பகிர்ந்தார். உண்மையான கண்ணாடிகள் சில வாரங்கள் கழித்து வந்து சேர்ந்தன. அவற்றை வாங்க எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு அளவு பொருந்தியது, பொருந்தாதவர்கள் யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதிவைக்க ஒருவரும் நியமிக்கப்படவில்லை. யாரோ ஒருவர் தன் பேரக்குழந்தையின் முகத்தை முதல் முறையாகத் தெளிவாகப் பார்த்த நாள் அந்த நாள்களில் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அன்று படமெடுக்க என்னை யாரும் அழைக்கவில்லை.

இந்தப் பழக்கம் சமூக ஊடகத்தோடு பிறந்ததும் அன்று. 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் நடந்த ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் எல்லோரும் பார்க்கச் சிகரெட் பற்றவைத்தார்கள். பெண்கள் பொது இடத்தில் புகைப்பதை இழிவாகக் கருதிய காலம் அது. சிகரெட்டுக்கு ‘விடுதலையின் தீப்பந்தங்கள்’ என்று பெயர் சூட்டி நடத்தப்பட்ட அந்தக் காட்சியை, பெண்ணுரிமைக்கான செயலாகக் கருதிச் செய்தித்தாள்கள் எழுதின. அதை ஏற்பாடு செய்த எட்வர்ட் பெர்னேஸ், லக்கி ஸ்டிரைக் சிகரெட்டைத் தயாரித்த அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்திடம் ஊதியம் பெற்றவர் என்பதைச் செய்தியைப் படித்தவர்கள் அறிந்திருக்கவில்லை. மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடி என்று பெர்னேஸைப் பற்றிப் படிக்கும் நம் துறையினர், இந்த நிகழ்ச்சியைத் திறமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பெருமைப்பட எதுவும் தெரியவில்லை. தாங்கள் பார்ப்பது விளம்பரம் என்று அறிந்துகொள்ளும் உரிமை அன்று ஊர்வலத்தில் நின்றவர்களிடமிருந்தும் மறுநாள் செய்தி படித்தவர்களிடமிருந்தும் பறிக்கப்பட்டது. அப்படிப் பறித்து விற்கப்பட்டதோ உயிரைக் குடிக்கும் பொருள். அன்றைக்கு அதைச் செய்து முடிக்கச் செய்தியாளர்கள் நம்ப வேண்டியிருந்தது. இன்றைக்கு உங்கள் நிறுவனமே படமெடுத்து, உங்கள் நிறுவனமே வெளியிட்டு, உங்கள் நிறுவனமே பணம் கொடுத்து அதைப் பரப்பவும் முடியும் என்பதால், இடையில் நின்று கேள்வி கேட்க ஒருவர்கூட இல்லை.

அப்படி ஒருவர்கூட இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு நிகோலா நிறுவனத்தின் கதையைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அந்த நிறுவனம் ஒரு பெரிய விழா நடத்தித் தன் சரக்கு லாரியை அறிமுகம் செய்தது. அது முழுமையாக இயங்கக்கூடிய லாரி என்று நிறுவனர் கூட்டத்தினரிடம் சொன்னார். உண்மையில் அந்த லாரி சொந்த ஆற்றலில் ஓடும் நிலையில் இல்லை. அதன் பிறகு 2018 ஜனவரியில், நெடுஞ்சாலையில் அந்த லாரி விரைந்து வருவதைக் காட்டும் காணொளி ஒன்று சமூக ஊடகத்தில் வெளியானது. லாரியை ஒரு சரிவின் மேலே இழுத்துச் சென்று, அங்கிருந்து உருளவிட்டுப் படமெடுத்திருந்தார்கள் என்பது 2020 செப்டம்பரில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. சமூக ஊடகத்தின் வழியாகவும் பேட்டிகளின் வழியாகவும், பங்குச் சந்தையில் அனுபவம் குறைந்த சிறு முதலீட்டாளர்களை நேரடியாகக் குறிவைத்து நிறுவனர் பொய் சொன்னார் என்று அரசுத் தரப்பு வழக்காடியது. 2022 அக்டோபரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 2023 டிசம்பரில் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதற்கு முந்தைய மாதமே நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை நாடியிருந்தது. நான் எடுத்த கண்ணாடிப் படத்தையும் இந்த லாரிக் காணொளியையும் ஒரே தட்டில் வைப்பது மிகை என்று நீங்கள் சொல்லக்கூடும். இழப்பின் அளவில் அவை வேறுவேறுதான். ஆனால் இரண்டிலும் வேலை நடந்த முறை ஒன்றே: இன்னும் நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகக் காட்டினோம்.

இதன் உச்சத்தை 2017இல் ஃபயர் இசை விழாவில் உலகம் பார்த்தது. பஹாமாஸ் தீவில் ஆடம்பர விழா என்று புகழ்பெற்ற மாடல்கள் பலரைக் கொண்டு இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்தார்கள். அவர்களில் ஒருவரின் ஒரேயொரு பதிவுக்கு 2,50,000 டாலர் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் அங்கே போய் இறங்கியவர்களை வரவேற்றவை பேரிடர்க் காலங்களில் பயன்படுத்தும் கூடாரங்கள். பதிவுகளுக்குச் செலுத்திய கவனத்தில் ஒரு பங்கைக் குடிநீருக்கும் கழிப்பறைக்கும் செலுத்தியிருந்தால் அந்த இளைஞர்கள் அவ்வளவு அவதிப்பட்டிருக்கமாட்டார்கள். ஏற்பாட்டாளருக்கு 2018இல் ஆறு ஆண்டுச் சிறை கிடைத்தது.

உண்மையாக நடந்ததைக் காட்டினால் கூட்டம் சேராது என்று என்னிடம் பலர் வாதாடியிருக்கிறார்கள். 2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரிய வான்குதிப்பு வீரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர், பலூனில் ஏறிச் சென்று ஏறத்தாழ 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்து குதித்ததை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது முழுக்க முழுக்க ரெட் புல் என்ற பான நிறுவனத்தின் விளம்பரம். அதில் ஒளிவுமறைவே இல்லை, பெயர் பலூனில் தொங்கிய கலத்தின் மீதே எழுதியிருந்தது. ஐந்து நாள்களுக்கு முன்பு எல்லா ஏற்பாடுகளும் முடிந்து, உலகம் முழுவதும் மக்கள் நேரலையைத் திறந்து வைத்துக் காத்திருந்தபோது, காற்று சரியில்லை என்று கூறி அவர்கள் முயற்சியைக் கைவிட்டார்கள். எனக்கு அந்தக் குதிப்பைவிட அந்த ஒத்திவைப்பே பெரிதாகப் படுகிறது. பார்ப்பவர்களின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும்போது, காரியம்தான் முக்கியம் என்று நிறுத்திக்கொள்ளும் துணிவை எத்தனை விளம்பரத் துறைகளில் நாம் பார்க்கிறோம்?

மேடையில் தவறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே படமாக்கிவிட விரும்புபவர்களுக்கும் ஒன்று நினைவூட்ட வேண்டும். 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் என்ற கணினிக் கண்காட்சியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தினர் விண்டோஸ் 98 மென்பொருளை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்கேனரை இணைத்ததும் திரை நீலமாகி முடங்கிவிட்டது. மேடையில் நின்ற பில் கேட்ஸ், இதனால்தான் இன்னும் விற்பனைக்கு அனுப்பவில்லை போலும் என்று சொல்லிச் சிரித்தார்; அரங்கமும் சிரித்தது. இரண்டு மாதங்களில் அது விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவியது. மக்கள் கண்ணெதிரே நடந்த பிழையை மன்னித்துவிடுகிறார்கள்.

அடுத்து, நாள்தோறும் வெளியாகும் வாழ்த்துப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகளிர் நாள், சுற்றுச்சூழல் நாள், தொழிலாளர் நாள் என்று நாள்காட்டியை வைத்துக்கொண்டு மாதக் கணக்கில் முன்பே பதிவுகளைத் தயாரித்து வைக்கிறோம். 2022 மார்ச் 8 அன்று பிரிட்டனில் ஒரு சிறிய கணினி நிரல் நமக்கெல்லாம் நல்ல பாடம் நடத்தியது. அந்த நாட்டில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள், ஆண் ஊழியர்களுக்கும் பெண் ஊழியர்களுக்கும் இடையிலான ஊதிய இடைவெளியை வெளியிட வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. மகளிர் நாள் வாழ்த்து என்று எந்த நிறுவனம் ட்விட்டரில் பதிவிட்டாலும், அதே நிறுவனம் அரசிடம் தாக்கல் செய்திருந்த ஊதிய இடைவெளியை அந்த நிரல் தானாகவே எடுத்து, வாழ்த்தை மேற்கோள் காட்டி வெளியிட்டது. வாழ்த்துச் சொன்ன சில அமைப்புகள் அவசரமாகத் தங்கள் பதிவை நீக்கின. நீக்கப்பட்டது பதிவுதான்; ஊதிய இடைவெளி இருந்த இடத்திலேயே இருந்தது. மகளிர் நாளன்று பதிவிட உங்களுக்கு உண்மையாகவே விருப்பம் இருந்தால், அந்த ஆண்டு எத்தனை பெண்களுக்குப் பதவி உயர்வு கிடைத்தது, குழந்தைப்பேறு விடுப்பில் சென்றவர்களில் எத்தனை பேர் அதே பொறுப்புக்குத் திரும்பினார்கள் என்பதை வெளியிடுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு அதை உயர்த்த வேண்டிய கட்டாயம் உங்களுக்கே வந்துவிடும்.

பணம் கொடுத்துப் பேச வைப்பதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. சட்டங்களே தெளிவாக இருக்கின்றன. இந்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், விளம்பரம் என்ற அறிவிப்பை விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், எளிதில் கண்ணில் படும்படி போட வேண்டும் என்றும், நேரலையில் அது தொடர்ந்து தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அமெரிக்க வணிக ஆணையம் தன் வழிகாட்டுதல்களை அதே ஆண்டில் திருத்தியது. போலி விமர்சனங்களையும், விலைக்கு வாங்கிய போலிப் பின்தொடர்பவர்களைக் காட்டி ஏமாற்றுவதையும் தடைசெய்யும் அதன் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இருந்தும், இருபது ஹேஷ்டேக்குகளுக்கு நடுவில் பதினெட்டாவதாக அந்த அறிவிப்பைச் செருகிவைக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நாம் கொடுக்கும் பணம் நியாயமானது என்றால் அதை மறைக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்?

இதைவிட எனக்கு வருத்தம் தருவது உங்கள் ஊழியர்களை நீங்கள் பயன்படுத்தும் விதம். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே, நிறுவனத்தின் பதிவை எல்லோரும் தங்கள் சொந்தக் கணக்கில் பகிர வேண்டும் என்று குழுவில் செய்தி வருகிறது. யார் யார் பகிரவில்லை என்று மறுநாள் பட்டியல் எடுக்கப்படுகிறது. பதவி உயர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்கிறீர்கள். ஆனால் பட்டியல் மேலாளரின் மேசைக்குத்தான் போகிறது. ஒருவர் தன் நண்பர்களோடும் உறவினர்களோடும் பேசுவதற்கு வைத்திருக்கும் இடம் அது. நிறுவனத்தின் சுவரொட்டியை ஒட்டும் சுவராக அதை மாற்றும் உரிமை சம்பளம் தருவதால் வந்துவிடாது. மேலும், தான் வேலை செய்யும் நிறுவனத்தின் பொருளைப் புகழும் ஊழியர், தான் அங்கே வேலை செய்வதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று முன்பு குறிப்பிட்ட அமெரிக்க ஆணையத்தின் வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. பகிரச் சொல்லும் உங்கள் செய்தியில் அந்த ஒரு வரியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வேலையில் மனநிறைவு இருக்கும் ஊழியர் யாரும் கேட்காமலேயே நல்லது சொல்வார். சொல்லாமல் இருக்கிறார் என்றால் அதற்கான காரணத்தை அவரிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்களுக்கே நன்மை.

இவ்வளவும் ஏன் நடக்கிறது என்று எனக்கும் தெரியும். நிகழ்ச்சிக்கு ஆன செலவை மேலிடத்தில் நியாயப்படுத்த வேண்டும். அதற்கு எண்கள் வேண்டும். எத்தனை பேரின் திரையில் தோன்றியது, எத்தனை லைக், எத்தனை ஷேர் என்பவை எளிதில் கிடைக்கும் எண்கள். அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்று விநாடிக்கும் குறைவாகப் பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதால், காணொளிகளை மக்கள் பார்க்கும் சராசரி நேரம் சுமார் இரண்டு ஆண்டுகளாக மிகையாகக் காட்டப்பட்டது என்று ஃபேஸ்புக் நிறுவனமே 2016 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த எண்களை நம்பித்தான் உலகம் முழுவதும் விளம்பர நிதி ஒதுக்கப்பட்டது. நானும் அவற்றை வண்ண வரைபடங்களாக மாற்றி அறிக்கை தந்திருக்கிறேன். அதே அறிக்கையில், வந்தவர்களில் எத்தனை பேர் கேள்வி கேட்டார்கள், எத்தனை கேள்விகளுக்குப் பதில் தரப்பட்டது, தரப்படாதவை எப்போது தரப்படும், மேடையில் அறிவித்தவற்றில் ஆறு மாதம் கழித்து எவை நிறைவேறின என்று நான்கு வரி சேர்க்கும்படி ஒருமுறை ஒரு நிறுவனத்திடம் கேட்டேன். அதற்கெல்லாம் தரவு இல்லை என்று பதில் வந்தது. வருகைப் பதிவேட்டில் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் இருந்தது.

ஆகவே நான் கேட்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த நிகழ்ச்சிக்கான திட்டத் தாளை எடுக்கும்போது பின்திரையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வருபவர் என்ன பெற்றுக்கொண்டு திரும்புவார் என்பதை முதல் வரியாக எழுதுங்கள். கேள்வி நேரத்தைக் குறைக்காதீர்கள். முடிந்ததை முடிந்தது என்றும், முடியப்போவதை முடியப்போவது என்றும் பதிவிடுங்கள். யாருக்கு உதவி செய்தீர்களோ அவருடைய முகத்தைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். கேட்கும்போதும், உதவியைக் கையில் கொடுத்த பிறகு, மறுத்தால் எதையும் இழக்கமாட்டார் என்று அவருக்குப் புரியும்படி கேளுங்கள். ஊழியர்களின் கணக்குகளை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

இப்படிச் செய்தால் சில பதிவுகள் குறையும். சில படங்கள் அழகில்லாமல் போகும். என்னைப் போன்றவர்களுக்கு வேலையும் கொஞ்சம் குறையும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். கண்ணாடி உண்மையாகவே வந்து சேரும் நாளில் என்னை அழையுங்கள். விருந்தினரும் பின்திரையும் இல்லாவிட்டாலும் கேமராவை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளைப் படமெடுத்த ஒருவன்